புதைபடிவ இலைகளுக்குக் கட்டண ஐசோடோப் அளவீடு: அளப்பதை அவர்களிடம் விடுங்கள், கழுவுவதை விடாதீர்கள்

புதைபடிவ இலைகளின் கார்பன் ஐசோடோப் விகிதத்தை அளந்து தரும் கட்டணச் சேவை ஒன்றை இதுவரை இரண்டு தடவை பயன்படுத்திவிட்டேன். மூன்றாவது பெட்டி மேசை மேல் பாதி கட்டிய நிலையில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால், இதே வேலைக்கு ஆய்வகம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், அவ்வளவு சுத்தமான வேலை. மாதிரியை அமிலத்தில் கழுவித் தரும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுக்க வேண்டாம். கூடுதல் கட்டணம் கட்டினால் 'அன்றைய மழையளவு' என்று ஓர் அறிக்கை தருகிறார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். ஆய்வகத்தின் பெயரை எழுதவில்லை. நடந்த தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்தார்கள், அதோடு எனக்கு நடந்தது எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் நடக்கக்கூடியதுதான்.

இந்த வேலை எதற்கு என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இயற்கையில் உள்ள கார்பனில் கிட்டத்தட்ட 98.9 சதவீதம் கார்பன்-12, மீதி 1.1 சதவீதம் சற்றே கனமான கார்பன்-13. இப்படி எடையில் வேறுபடும் ஒரே தனிமத்தின் வகைகளைத்தான் ஐசோடோப் என்பார்கள். செடி காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும்போது இரண்டையும் சமமாக எடுப்பதில்லை. இலைத்துளை வழியாக உள்ளே பரவும்போதே கனமானது கொஞ்சம் பின்தங்கிவிடும், ஆயிரத்துக்கு 4.4 என்ற கணக்கில். அப்புறம் ரூபிஸ்கோ என்ற நொதி கார்பனைப் பிடிக்கும் இடத்தில்தான் பெரிய பாகுபாடு நடக்கிறது, அது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 27. இலைத்துளை நன்றாகத் திறந்திருந்தால் உள்ளே புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும், நொதிக்கு லேசான கார்பனைப் பொறுக்கி எடுக்க வசதி. தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் செடி துளையை மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது குறையக் குறைய கனமானதையும் எடுத்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கு அப்படியே இலையின் உடம்பில் எழுதப்பட்டுவிடுகிறது. இலை உதிர்ந்து சேற்றில் விழுந்து, சேறு பாறையாகி, கோடிக்கணக்கான ஆண்டு கழித்து நாம் சுத்தியலால் உடைத்துப் பார்க்கும்போதும், கெடாமல் இருந்தால், அந்த எழுத்து அங்கேயே இருக்கும். ஃபார்குவார், ஓ'லியரி, பெர்ரி மூவரும் 1982-இல் இதைச் சின்னச் சமன்பாடாக எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை ஆண்டு பார்த்தும் எனக்கு அந்தச் சமன்பாட்டின் மேல் இருக்கும் மரியாதை குறையவில்லை. இலையின் உள்ளே இருந்த கார்பன் டை ஆக்சைடுக்கும் வெளியே இருந்ததற்கும் உள்ள விகிதத்தை, செடி செத்துப் போன பிறகும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது சாதாரண விஷயம் இல்லை.

எண்களைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட, குறைய என்று சொல்வதுதான் டெல்டா மதிப்பு. செடிகளில் கனமான கார்பன் குறைவு, அதனால் எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். மரங்களும் பெரும்பாலான செடிகளும் அடங்கிய சி3 வகைக்கு -20 முதல் -37 வரை. சோளம், கரும்பு போன்ற சி4 வகைக்கு -12, -13 பக்கம். சி3 செடியில் எண் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்தால் முதலில் மனதில் வருவது வறட்சி. அதிகமாக எதிர்மறைக்குப் போனால் ஈரம், அல்லது காட்டின் அடிநிழல், அல்லது அன்றைய காற்றே மாறியிருக்க வேண்டும். இந்த 'அல்லது'களில்தான் எங்கள் வேலையே இருக்கிறது.

இன்னொன்று. இதைச் சொன்னதும் பலர் கேட்பது, "இலைக்கு வயது கண்டுபிடிக்கக் கொடுத்தீர்களா?" என்று. வயது பார்ப்பது கார்பன்-14, அது கதிரியக்கத்தால் சிதைந்து குறைந்துகொண்டே போகும், ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. கார்பன்-13 சிதையாது, அப்படியே இருக்கும், அதனால்தான் கோடி ஆண்டுக்கும் முந்தைய இலையில் அதை அளக்க முடிகிறது. அது வயதைச் சொல்லாது. ஆய்வகத்தின் விண்ணப்பப் படிவத்திலேயே இந்த இரண்டும் வேறு வேறு சேவை என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தோடு வருபவர்கள் நிறைய இருக்க வேண்டும்.

சரி, சேவைக்கு வருகிறேன். முதல் தடவை அனுப்பியது 64 மாதிரிகள். ஏரியின் அடியில் படிந்த களிப்பாறை, தாள் தாளாகப் பிரியும். அதில் இருபதுக்கும் மேற்பட்ட அடுக்குகளில் இலைகள். நல்ல அடுக்கில் இலை கறுப்புப் படலமாக இருக்கும், நரம்பு தெரியும், ஓரத்துப் பல் தெரியும், மெல்லிய கத்தியின் நுனியை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு எழும்பி வரும். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை நேராக அலுமினியத் தாளில் விழவைத்து மடிக்க வேண்டும். காகிதத்தில் மடிக்கக் கூடாது, காகித நாரும் கார்பன்தானே. பசை, மெழுகுக் களிமண், குறிக்கும் பேனா மை எதுவும் கிட்டே வரக் கூடாது. பழைய சேகரிப்புகளில் இலை உதிராமல் இருக்க அக்ரிலிக் பிசின் பூசி வைத்திருப்பார்கள், பார்க்க லேசாகப் பளபளக்கும். அதை அளந்தால் இலையின் கார்பனோடு பெட்ரோலியத்தின் கார்பனையும் சேர்த்து அளந்ததாக ஆகும். இன்னொரு எதிரி இன்றைய புல்லின் வேர். பாறை விரிசலில் மயிர் போல ஓடியிருக்கும், உருப்பெருக்கியில் பார்த்தால் மட்டுமே தெரியும். அது சி4 புல்லாக இருந்தால் மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும்.

ஆய்வகம் முதலில் என்னைக் கவர்ந்தது கேள்வி கேட்ட விதத்தில். படிவம் அனுப்பிய இரண்டாம் நாளே பதில் வந்தது: படலமா, மரத்துண்டா, பாறையோடு சேர்ந்த பொடியா? எதிர்பார்க்கும் கார்பன் சதவீதம் என்ன? சுண்ணாம்பு இருக்குமா? ஒரே மாதிரியை எத்தனை தடவை அளக்க வேண்டும்? மாதிரியில் பாதரசமோ ஃபுளோரைடோ மிச்சம் இருக்கிறதா? (சிலிக்கேட்டை நீக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்துபவர்கள் உண்டு, கழுவாமல் அனுப்பினால் அவர்களுடைய கருவி கெடும்.) இப்படிக் கேட்கும் இடத்தில் ஒரு நிம்மதி வரும். இதற்கு முன் வேறோர் இடத்தில் விசாரித்தபோது "எத்தனை மாதிரி, எப்போது வேண்டும்" என்ற இரண்டே கேள்வியோடு விலைப்பட்டியல் வந்துவிட்டது, அங்கே நான் அனுப்பவில்லை.

அளவீட்டு முறையைப் பொறுத்தவரை புதிதாக எதுவும் இல்லை, எல்லா நல்ல ஆய்வகத்திலும் இதுதான். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான மாதிரியை மெல்லிய தகரக் கிண்ணத்தில் போட்டு, இடுக்கியால் ஓரங்களை மடக்கி, மிளகைவிடச் சின்ன உருண்டையாக்குவார்கள். அது ஆக்சிஜனோடு சுமார் 1,000 டிகிரி உலையில் விழும், தகரம் பற்றிக்கொண்டதும் அந்தக் கணத்தில் வெப்பம் இன்னும் எகிறும், உள்ளே இருக்கும் கார்பன் முழுதும் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். செம்பு நிரப்பிய குழாய் மீதி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், உலர்த்தி ஈரத்தைப் பிடிக்கும், பிறகு வாயு நிறை நிறமாலைமானிக்குள் போய் 44, 45, 46 என்ற நிறைகளாகப் பிரிந்து எண்ணப்படும். ஒரு மாதிரிக்குப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1939, 40 வாக்கில் ஆல்ஃபிரட் நியர் இந்த வகைக் கருவியைக் கட்டி, இயற்கைப் பொருட்களில் கார்பன்-13 ஒரே அளவில் இல்லை என்று காட்டினார், 1953-இல் ஹார்மன் கிரெய்க் செடி, பாறை, கடல் என்று வரிசையாக அளந்து வைத்தார். அவர்களுக்கு ஒரு மாதிரிக்கே எவ்வளவு உழைப்பு ஆகியிருக்கும் என்று யோசித்தால், இன்று 64 உருண்டைகளைத் தட்டில் வைத்துவிட்டு ராத்திரி தூங்கப் போகலாம் என்பது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நல்ல ஆய்வகத்தையும் சுமாரான ஆய்வகத்தையும் பிரிப்பது கருவி அல்ல, ஒப்பீட்டுத் தரங்கள். டெல்டா அளவுகோலின் பூஜ்யம், தென் கரோலினாவின் பீ டீ படிவத்தில் கிடைத்த பெலம்னைட் என்ற கணவாய் இனப் புதைபடிவத்தின் சுண்ணாம்பு. அந்தக் கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக இன்னொரு சுண்ணாம்புக்கு +1.95 என்று மதிப்பு வைத்து, வியன்னா பெயரோடு அளவுகோலை நிலைநிறுத்தினார்கள். ஒரே புள்ளியை வைத்து அளவுகோலை நீட்டினால் முனையில் சுருக்கம் விழும், அதனால் குறைந்தது இரண்டு தரங்கள் வேண்டும், நம் மாதிரி அவை இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். இந்த ஆய்வகம் இலைகளோடு சேர்த்து ஓடவிட்டவை -26.39 மதிப்புள்ள குளுட்டாமிக் அமிலம், -10.45 உள்ள சர்க்கரை, -32.15 உள்ள பாலிஎத்திலீன். ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் ஒரு தரம், தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் கிண்ணம். இலைக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு கிடையாது.

ஆனால் இந்த விவரம் எதுவும் தானாக வரவில்லை. முதலில் வந்த அறிக்கை ஒரே பக்கம், மாதிரி எண், டெல்டா மதிப்பு, அவ்வளவுதான். தரங்களின் மூல எண்களும் கார்பன் சதவீதமும் வெற்றுக் கிண்ணத்தின் அளவும் வேண்டும் என்று எழுதிக் கேட்ட பிறகுதான் முழு அட்டவணை வந்தது. கேட்டால் அன்றே தருகிறார்கள், கூடுதல் கட்டணமும் இல்லை. அப்படியிருக்க அதை முதலிலேயே ஏன் அனுப்பக் கூடாது? கேட்கத் தெரியாத மாணவர் அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவார். பின்னால் நடந்ததைப் பார்த்தால், அந்த அட்டவணை இல்லையென்றால் நான் ஒரு பொய்யான வறட்சியை எழுதி வெளியிட்டிருப்பேன்.

அவர்களுக்குத் தெரியாமல் நான் ஒரு சோதனையும் வைத்திருந்தேன். ஆறு இலைகளிலிருந்து இரண்டிரண்டு சில்லு எடுத்து வேறு வேறு எண் போட்டு, பெட்டியில் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். ஆறு ஜோடியிலும் அதிகபட்ச வித்தியாசம் 0.15. ஒரே இலைக்குள்ளேயே நரம்புக்கும் தசைக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்பதால் இதைவிட நெருக்கமாக எதிர்பார்க்கவும் முடியாது. இரண்டாவது பெட்டியிலும் இதையே செய்தேன், அதே மாதிரிதான் வந்தது. யாருக்கு அனுப்பினாலும் இதைச் செய்யுங்கள், சொல்லாமல் செய்யுங்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தத் தவறு. என் வரிசையில் பெரும்பாலான அடுக்குகள் -25.8க்கும் -26.6க்கும் இடையில் அமைதியாக இருந்தன. நடுவில் அடுத்தடுத்த நான்கு அடுக்குகள் மட்டும் -21.7, -20.9, -20.6, -21.3. வரைபடத்தில் போட்டதும் கோடு அப்படியே குதித்து, அப்புறம் பழைய இடத்துக்கே திரும்பியது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை நடுங்கியது. காற்றின் மதிப்பு தொழிற்புரட்சிக்கு முன்பிருந்தது போல -6.5 என்று வைத்துக்கொண்டு சமன்பாட்டில் போட்டால், வழக்கமான அடுக்குகளில் இலைக்கு உள்ளே, வெளியே உள்ள கார்பன் டை ஆக்சைடு விகிதம் 0.69 வருகிறது. நல்ல ஈரமான இடத்துச் செடிக்கு ஏற்ற எண். அந்த நான்கு அடுக்குகளில் 0.46க்குப் பக்கம் வருகிறது. கடும் வறட்சி, பாலைவனச் செடியின் எண். உடனே என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர் காலையில் ஒரே வரி பதில் அனுப்பினார்: "அந்த அடுக்கின் இலை எப்படி இருக்கிறது, அதைப் பார்த்தீர்களா அம்மா?"

பார்த்தேன். அங்கேதான் எல்லாம் உடைந்தது. அந்த நான்கு அடுக்குகளிலும் இலைகள் உள்ளங்கை அகலம், ஓரம் வழவழவென்று, நுனி வால் போல நீண்டு இறங்கியிருந்தது. மழைநீர் வழிந்து இறங்குவதற்கென்றே இருக்கும் நுனி அது, நனைந்துகொண்டே இருக்கும் காட்டில் வளரும் மரங்களுக்குத்தான் அப்படி இருக்கும். பாலைவனத்தில் அந்த இலை ஒரு வாரம் தாங்காது. எண் ஒன்று சொல்கிறது, இலை வேறொன்று சொல்கிறது, இரண்டில் இலைக்குப் பொய் சொல்ல வழியில்லை.

அப்போதுதான் கார்பன் சதவீதம் ஞாபகம் வந்து அட்டவணையைத் திறந்தேன். மற்ற அடுக்குகளின் படலத்தில் கார்பன் எடையில் 48 முதல் 52 சதவீதம். இந்த நான்கிலும் 29, 30. கார்பன் குறைவான ஏதோ ஒன்று கூடவே இருக்கிறது. களிமண்ணாக இருந்தால் சதவீதம் மட்டும் குறையும், டெல்டா நகராது. டெல்டாவும் நகர்ந்திருப்பதால் அந்த ஏதோ ஒன்றுக்கும் சொந்தக் கார்பன் இருக்க வேண்டும், அது கனமான கார்பனாக இருக்க வேண்டும். கார்பனேட்டை, அதாவது சுண்ணாம்பு வகைக் கனிமத்தைத் தவிர வேறென்ன? ஆனால் கார்பனேட்டை அமிலத்தில் நீக்கித் தருவதற்குத்தான் அவர்களுக்குத் தனிக் கட்டணம் கொடுத்திருந்தேன்.

மிச்சப் பொடியைத் திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கினேன். (மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் சின்னக் குப்பிகளில் எண் ஒட்டி வைத்திருக்கிறார்கள், இது பாராட்ட வேண்டிய பழக்கம்.) பொடியைக் கண்ணாடித் தட்டில் கொட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் கறுப்புக்கு நடுவில் மங்கலான பழுப்பு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒரு குமிழி கூட இல்லை. ஆய்வகத்தார் பார்த்ததும் இதைத்தான், பொங்கவில்லை, அதனால் கார்பனேட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். தட்டைச் சூடேற்றியின் மேல் வைத்து 60 டிகிரி தாண்ட விட்டேன். முதலில் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி, ஊசிமுனை அளவு. அப்புறம் பழுப்புத் துணுக்குகளிலிருந்து நூல் பிடித்தாற்போலக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின, அமிலம் மெல்ல மஞ்சளாக மாறியது. இரும்பு. அதாவது சிடரைட், இரும்புக் கார்பனேட். ஆக்சிஜன் இல்லாத சேற்றில், அழுகும் இலைகளுக்குப் பக்கத்திலேயே உருவாகும் கனிமம் அது, குளிர்ந்த அமிலத்துக்கு அசையாது, சூடு வேண்டும். சாதாரணச் சுண்ணாம்புக்கான முறையை எல்லா மாதிரிக்கும் ஒரே மாதிரி போட்டதில் அது அப்படியே தங்கிவிட்டது.

கணக்கும் ஒத்து வந்தது. சிடரைட்டின் டெல்டா பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால்கூட, மொத்தக் கார்பனில் ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்திருந்தால் -26 என்பது -20.8 ஆகிவிடும். சிடரைட்டில் கார்பன் எடையில் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான், ஆகவே அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு எடையில் பாதி அளவு சிடரைட் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் கார்பன் சதவீதம் 29க்குப் பக்கம் வர வேண்டும். வந்திருந்தது. நான் கனவு கண்ட வறட்சி முழுதும் இரும்புக் கார்பனேட்.

படங்களோடு ஆய்வகத்துக்கு எழுதினேன். இங்கே அவர்களுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்க வேண்டும், மழுப்பவில்லை. தொழில்நுட்பப் பொறுப்பாளர் மறுநாளே அழைத்து, சூடான அமில முறை தங்கள் வழக்கத்தில் இல்லை, கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்று நேராகச் சொன்னார். நான் மாதிரிகளை 60 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்து, நீர் நடுநிலைக்கு வரும் வரை கழுவி, உலர்த்தி அனுப்பினேன், கட்டணம் இல்லாமல் திரும்ப அளந்தார்கள். -25.9, -26.1, -26.4, -26.2. பக்கத்து அடுக்குகளோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டன. கார்பனும் 49, 50க்கு வந்தது. வருத்தம்தான், மறைக்கவில்லை. ஒரு வாரம் அந்த வரைபடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் நனைந்த காட்டின் இலை, நனைந்த காட்டின் எண்ணைச் சொல்கிறது என்று பார்த்தபோது வந்த நிம்மதி வேறு.

விண்ணப்பப் படிவத்தில் இப்போது 'சிடரைட், டோலமைட் இருக்க வாய்ப்புண்டா' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள் (டோலமைட் இன்னொரு கார்பனேட் கனிமம்). இரண்டாம் பெட்டி அனுப்பும்போது பார்த்தேன். இருந்தாலும் என் கருத்து மாறவில்லை, கழுவும் வேலையை நீங்களே செய்யுங்கள். பாறையைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். எந்த அடுக்கில் துருப்பிடித்த உருண்டைகள் இருந்தன, எதில் நிலக்கரி வாடை அடித்தது, எதில் மட்கிய அமிலக் கசிவு பழுப்பாக ஒழுகியிருந்தது என்று உங்கள் குறிப்பேட்டில்தான் இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே கறுப்புப் பொடி.

அடுத்தது அந்த மழையளவு அறிக்கை. இரண்டாம் பெட்டியோடு அதையும் வாங்கிப் பார்த்தேன், தெரிந்துகொள்ளலாமே என்று. ஒவ்வொரு அடுக்குக்கும் ஆண்டு மழை இத்தனை மில்லிமீட்டர் என்று பளபளப்பான அட்டவணை வந்தது. இன்றைய உலகில் சி3 செடிகளின் டெல்டாவுக்கும் ஆண்டு மழைக்கும் தொடர்பு இருப்பது உண்மை, 2010-இல் வந்த இரண்டு ஆய்வுகள் உலகெங்கும் இருந்து தொகுத்த தரவில் அதை நன்றாகக் காட்டின. ஆனால் அந்தத் தொடர்பில் புள்ளிகள் கோட்டைச் சுற்றிப் பரந்து கிடக்கின்றன. ஒரே மழையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு இப்படியும் அப்படியும் போகும். அதை ஒற்றை எண்ணாக, பிழை எல்லை இல்லாமல் தருவது சரியில்லை. அதைவிட முக்கியம், அந்தக் கணக்குக்கு அன்றைய காற்றின் டெல்டா தெரிந்திருக்க வேண்டும். அறிக்கையில் எல்லா அடுக்குக்கும் -6.5 என்று போட்டிருந்தார்கள், அது தொழிற்புரட்சிக்கு முந்தைய நம் காற்று. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன்னால் காற்று அப்படி இருந்தது என்று யார் சொன்னது?

காற்று மாறும். நம் கண் முன்னாலேயே மாறிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் பழைய செடிகளிலிருந்தும் பாசிகளிலிருந்தும் வந்தவை, அவற்றில் கார்பன்-13 குறைவு, அதை எரித்து எரித்துக் காற்றின் மதிப்பை -6.5 பக்கமிருந்து -8.5 பக்கம் தள்ளியிருக்கிறோம். ஹான்ஸ் ஸூஸ் 1955-இல் மர வளையங்களில் கார்பன்-14 நீர்த்துப்போவதை வைத்து முதலில் இதைக் கவனித்தார், அதனால் இந்த விளைவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய இலை ஒன்றையும் கூட அனுப்புபவர்கள் காற்றில் வந்த இந்த ஆயிரத்துக்கு இரண்டு வித்தியாசத்தைச் சரிக்கட்ட மறந்துவிடாதீர்கள். பழங்காலத்திலும் இதற்கு இணை உண்டு. சுமார் 5.6 கோடி ஆண்டுக்கு முன், பேலியோசீன் முடிந்து ஈயோசீன் தொடங்கும் எல்லையில், லேசான கார்பன் பெருமளவு காற்றிலும் கடலிலும் கலந்து பூமி 5 டிகிரிக்கு மேல் சூடானது. கென்னட்டும் ஸ்டாட்டும் 1991-இல் அன்டார்க்டிகாவை ஒட்டிய கடலடிச் சேற்றில் இதைக் காட்டினார்கள், பிறகு வயோமிங்கின் பிக்ஹார்ன் படுகையில் நிலத்திலும் அதே இறக்கம் கிடைத்தது. அந்த மாதிரி அடுக்கில் இலையின் எண் மூன்று, நான்கு குறைந்தால் அதில் பெரும்பகுதி காற்றுடையது. இந்த மழையளவு அறிக்கையில் போட்டால் திடீரென்று பேய்மழை பெய்ததாக வரும்.

இதற்கு மேல் செடி விஷயமும் இருக்கிறது. ஊசியிலை மரம் பூக்கும் மரத்தைவிட ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று கனமாக இருக்கும், அதே மண், அதே மழையில். அடர்ந்த காட்டில் தரையோரத்து இலை, உச்சி இலையைவிட நன்றாகவே எதிர்மறையாக இருக்கும். மட்கும்போது செல்லுலோஸ் முதலில் போய்விடும், அது கனமான பகுதி, மிஞ்சும் லிக்னின் லேசானது, ஆகவே கெட்டுப்போன இலை கொஞ்சம் கீழே காட்டும். ஆகவே ஓர் அடுக்கில் ஒரு சில்லு எடுத்து ஓர் எண் போடுவது போதாது. நான் இப்போது ஓர் அடுக்குக்கு ஐந்து இலை, முடிந்தவரை ஒரே இனம், அதில் வெயில் இலை எது நிழல் இலை எது என்று நரம்புப் பின்னலின் அடர்த்தியை வைத்துக் குறித்துக்கொண்டு அனுப்புகிறேன். இந்தத் தகவல் எதையும் மழையளவு அறிக்கைக்காக ஆய்வகம் என்னிடம் கேட்கவில்லை. அளவீட்டுக்கு அத்தனை கேள்வி கேட்டவர்கள், விளக்கத்துக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் எண் போட்டுத் தந்தது எனக்கு நிஜமாகவே வருத்தம். அதை எழுதியும் தெரிவித்திருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. முதல் பெட்டிக்கு ஏழு வாரம் ஆனது, சொன்னது ஐந்து. இரண்டாவது சொன்ன நாளில் வந்தது. கிண்ணங்களை நாமே உருட்டி அனுப்பினால் கட்டணம் குறைகிறது, பழகினால் ஒரு நாளில் நாற்பது உருட்டலாம், கையுறை போட்டுக்கொண்டு, உருண்டையைக் கண்ணாடி மேல் லேசாகத் தட்டிப் பொடி உதிர்கிறதா என்று பார்த்துவிட்டு தட்டில் வையுங்கள். தொலைபேசியில் பேசுபவர் விஷயம் தெரிந்தவர், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. மூல எண்களை எப்போதும் கேட்டு வாங்குங்கள், கார்பன் சதவீதத்தையும் டெல்டாவையும் ஒன்றுக்கெதிரே ஒன்றாகப் போட்டு ஒரு படம் வரையுங்கள், அதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது.

மூன்றாவது பெட்டியில் 80 உருண்டைகள். பழுப்பு தெரிந்த அடுக்குகள் எல்லாவற்றையும் நானே சூடான அமிலத்தில் கழுவிவிட்டேன், ஒளித்து வைத்த ஜோடிகள் எட்டு. படிவத்தில் சுத்தம் செய்யும் கட்டத்தில் 'வேண்டாம்', மழையளவு கட்டத்தில் 'வேண்டாம்', தரங்களின் மூல எண்கள் என்ற இடத்தில் 'வேண்டும், முதல் அறிக்கையோடே' என்று அழுத்தி எழுதியிருக்கிறேன். நாளைக்குக் கூரியரில் போகிறது.